வயிற்றுக் காவலர்

நம்மிடையே வயிற்றுக் காவலர் என்றோர் இனம் நடமாடுகிறது. வெள்ளவத்தையில் ஒழுங்கைக்கு ஒருவராவது அகப்படுவார். மற்றவர்கள் பேனா செருகும் சட்டைப்பையில் இவர் சப்பிச் சாப்பிடும் வெள்ளைக் குளிசை அட்டை வைத்திருப்பார். கைப்பையில் நெஞ்செரிவுக்கான பாணி மருந்துப் போத்தலும் கல்சியம் டப்பாவும் எப்போதும் தயார். உங்களுக்குத் தலையிடியா? காஸ். முதுகு பிடித்துவிட்டதா? காஸ் அங்கே போய் நிற்கிறது. மகன் சோதனையில் கோட்டை விட்டானா? "பொடியன் காலமை வெறும் வயித்தோட போயிருப்பான், காஸ் மூளைக்கு ஏறியிருக்கும்." முழங்கால் வலி மட்டும் விதிவிலக்கு. அது கல்சியம்.

எங்கள் மாடிக் குடியிருப்பைக் காத்தருளும் காவலர் லோகேஸ்வரன். காப்புறுதிக் கம்பனியிலிருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்க ஊருக்குப் பாதுகாப்பு விற்ற மனிதருக்குக் கை சும்மா இருக்குமா? அவருடைய கொள்கை எளிமையானது. எந்த மருந்தும் வயிற்றைப் புண்ணாக்கும். ஆகவே எந்த மருந்துக்கும் முன்னால் வயிற்றுக்கு ஒரு பாதுகாப்புப் போட வேண்டும். இரும்புச்சத்துக் குளிசையோ, தைரோயிட் குளிசையோ, இன்னும் பெயர் தெரியாத எதுவோ, எல்லாவற்றையும் ஒரே உள்ளங்கையில் கொட்டி, கூடவே ஒரு கல்சியத்தையும் சேர்த்து, மேலே இரண்டு மூடி பாணியையும் குடிக்க வைத்து, "ஒரே வாயில விழுங்குங்கோ, வேலை முடிஞ்சுது" என்பார். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரின் ஏப்பத்தைக் கேட்டே அது பருப்பா கத்தரிக்காயா என்று சொல்லிவிடுவார். இதற்கெல்லாம் கட்டணம் கிடையாது. அதுதான் சிக்கலே. கட்டணம் கேட்கிற வைத்தியரிடம் போகாமல் இருந்துவிடலாம். வீடு தேடி வருகிறவரை என்ன செய்வது?

போன மாதம் அவருடைய தங்கை ஜீவராணிக்குச் சிறுநீரில் கிருமித் தொற்று, குளிர்க் காய்ச்சல். கொட்டாஞ்சேனைப் பக்கத்துத் தனியார் மருத்துவமனை ஒன்றில் சேர்த்திருந்தார்கள். அந்த வெள்ளிக்கிழமை ஜீவராணியின் ஒரே மகள் அனுஷியாவுக்குக் கல்யாண எழுத்து. பதிவாளரைப் பிடித்தாயிற்று, பலகாரத்துக்குச் சொல்லியாயிற்று. மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமை கனடாவுக்குப் பறக்க வேண்டும் என்பதால் நாளைத் தள்ளவும் முடியாது. "காய்ச்சல் விட்டால் வீட்டுக்குப் போகலாம், அன்டிபயோட்டிக் குளிசை கேட்டுவிடும்" என்று டொக்டர் சொல்லியிருந்தார். தாய்க்காரி குளிசையை நம்பிக் கூறைச்சேலைக்கு நிறம் யோசித்துக்கொண்டு படுத்திருந்தார்.

இந்த நேரத்தில்தான் அண்ணன்காரர் பையோடு போய் இறங்கினார். அவரை என் காரில் ஏற்றிப் போன பாவி நான்.

"ராணி, இந்தப் பாணி குளிசைக்கு முன்னம் ரெண்டு மூடி. கல்சியம் குளிசையோட சேத்து. மறந்திடாத."

"மிஸி தாற மருந்து காணாதே அண்ணை?"

"மிஸிமார் கிருமியைத்தான் பாப்பினம். உன்ர வயித்தை ஆர் பாக்கிறது?"

போத்தல் தலையணைக்குப் பின்னால் போனது. அண்ணையோடு வாதாடுவதைவிட இரண்டு மூடி குடிப்பது சுகம் என்று ஜீவராணிக்குச் சிறு வயதிலேயே தெரியும். காலையும் மாலையும் ஒழுங்காகக் குடித்தார். காய்ச்சலும் ஒழுங்காகக் காய்ந்தது. டொக்டர் தலையைச் சொறிந்தார். நோயாளி மருந்தைத் துப்புகிறாரா என்றுகூடக் கேட்டார். லோகேஸ்வரன் என்ன செய்தார் என்று நினைக்கிறீர்கள்? மூன்றாவது மூடியையும் கூட்டினார்.

வியாழன் மாலை, ஷிஹாரா என்ற தாதி குளிசையோடு திரைச்சீலையை விலக்கியபோது, அவர் பாணி ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அது என்னா அங்கிள்?"

"இது மருந்தில்லைப் பிள்ளை. பாதுகாப்பு."

அவள் போத்தலை வாங்கிப் பார்த்தாள். கல்சியம் டப்பாவையும் பார்த்தாள்.

"இதையும் எங்கட குளிசையையும் ஒண்டாவா குடிச்சீங்க ஆன்ட்டி? ரெண்டும் வயித்துக்குள்ளயே ஒட்டிக்கிட்டு அப்பிடியே வெளிய போயிருமே. ரத்தத்துக்குக் குளிசை போகவே போகாது. முதல்ல எங்கட குளிசையக் குடுத்து, ரெண்டு மணித்தியாலம் விட்டுத்தான் இதக் குடுக்கணும். எங்கள்ட்ட ஒரு வார்த்த சொல்லப்படாதா?" பிறகு லோகேஸ்வரனைப் பார்த்தாள். "இவ்வளவு நாளும் நீங்க கிருமிக்குத்தான் பாதுகாப்புக் குடுத்திருக்கீங்க அங்கிள்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஜீவராணியின் முகத்தைப் பார்த்ததும் அது போய்விட்டது.

"நாளைக்கு எழுத்து, அண்ணை," என்றார் அவர். "என்ர பிள்ளை கையெழுத்து வைக்கிறதை நான் பாக்கேலாமப் போச்சு."

அதற்கு எந்தப் பையிலும் மருந்து இல்லை.

வெள்ளிக்கிழமை எழுத்து நடந்தது. சாட்சிக் கையெழுத்து வைக்க வேண்டிய தாய்மாமன் அங்கே இல்லை. அவர் தங்கையின் கட்டிலருகே உட்கார்ந்து, தொலைபேசியை ஜீவராணியின் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தார். திரைக்குள் அனுஷியா பேனாவை எடுக்கு முன் நிமிர்ந்து, "அம்மா, தெரியுதே?" என்று கேட்டாள். ஜீவராணி "ஓம் பிள்ளை, ஓம்" என்று சொல்லிச் சொல்லி அழுதார். ஒருவர் கண்ணெதிரே அழ, அது என்ன வருத்தம், எதனால் வந்தது என்று லோகேஸ்வரன் சொல்லாமல் இருந்ததை, பக்கத்தில் நின்ற நான் அன்றுதான் பார்த்தேன். அந்த மனிதர் மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் அந்த இடத்தில் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் விட்டது. மாப்பிள்ளை மாமியாரைக் கும்பிட்டுவிட்டு மருத்துவமனையிலிருந்தே விமான நிலையத்துக்குப் போனார்.

இத்தோடு காவலர் திருந்திவிட்டார் என்றா நினைத்தீர்கள்? திங்கட்கிழமை காலை மின்தூக்கிக்குள் என்னை மறித்துக்கொண்டு கேட்டார்: "நீங்கள் அன்டிபயோட்டிக் குடிச்சா கல்சியத்துக்கு எவ்வளவு நேரம் விடுறனீங்கள்? ரெண்டு மணித்தியாலம் விடவேணும். ஆருக்கும் தெரியாது!" நான் எந்த அன்டிபயோட்டிக்கும் குடிப்பதில்லை. கல்சியமும் குடிப்பதில்லை. அதெல்லாம் அவருக்கு எதற்கு? இரண்டாம் மாடி ரதி அக்காவின் தேநீருக்கும் பிஸ்கட்டுக்கும் நடுவில்கூட இப்போது இடைவெளி வந்துவிட்டதாகக் கேள்வி.

சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் அந்தத் தாதி பேசியதை வாசித்தபோதே உங்களுக்கு ஓர் ஆளின் ஞாபகம் வந்ததே, அது யார்? வத்தளையில் இருக்கும் பெரியம்மாவா? காலையில் எல்லாக் குளிசையையும் ஒன்றாக விழுங்கும் மைத்துனரா? அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்று விரல் துடிக்கிறது, இல்லையா? தாராளமாகத் தொலைபேசியை எடுங்கள். எடுத்து, "எப்படிச் சுகம்?" என்று கேட்டுவிட்டு, அவர்கள் பதில் சொல்லி முடிக்கும்வரை மட்டும் வாயைத் திறக்காமல் இருந்து பாருங்கள்.

முடியவில்லையா? கவலை வேண்டாம். உங்கள் ஒழுங்கையில் அந்தக் காவலர் பதவி காலியாக இல்லை என்று மட்டும் இப்போது தெரிந்துவிட்டது.