பேத்தை மீனும் என் மகளின் நரம்புப் படிப்பும்

கீழக்கரை,
ஏப்ரல் 1957

கண்ணியத்துக்குரிய கொழும்பு மச்சான் ஹமீது அவர்களுக்கு, காதர் மைதீன் ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். உங்கள் அண்ணன் முஹைதீனும் சுகம். அவரைத் தனியாகச் சொல்லக் காரணம், போன வெள்ளிக்கிழமை அவர் மௌத்தாகிவிட்டார் என்று முடிவு கட்டி, குழி வெட்டவே ஆள் அனுப்பிவிட்டார்கள். பதற வேண்டாம். இப்போது கஞ்சியில் உப்பில்லை என்று சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்.

நடந்தது இதுதான். மாரியூரிலிருந்து வந்த மீனில் ஒரு பேத்தை கிடந்தது. வயிற்றைப் பந்தாக ஊதிக்கொள்ளுமே, நம் கரையில் யாரும் தின்னாத அந்த மீன்தான். பக்கத்து வீட்டுப் பாக்கர், "விசம், தூக்கிக் கடல்ல எறிங்க" என்று சொன்னதுதான் தப்பு. வேண்டாம் என்றால் கேட்கிற ஆளா உங்கள் அண்ணன்? ஈரலைப் பொரித்துத் தின்றுவிட்டு நேரே என் வீட்டுக்கு வந்தார். "பொம்பளப் புள்ளைய மெட்ராசுல டாக்டருக்குப் படிக்க வைக்கிறியே, நாளைக்கு எவன் கட்டுவான்?" என்று தொடங்கினார். (நீங்களும் இதையே எழுதினீர்கள், நான் மறக்கவில்லை.) பாதியில் உதடு மரத்து நாக்குக் குழறியது. "எங்க காக்காவுக்கும் பேச்சு நிக்கிது, பாத்தியளா" என்று என் வீட்டுக்காரி, உங்கள் தங்கை சாலிஹா, தன் அண்ணனைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள், மனிதர் கட்டை மாதிரி சரிந்துவிட்டார்.

டாக்டரைக் கூட்டிவர ராமநாதபுரத்துக்குக் கார் போனது. அதற்குள் கூட்டம் கூடி, மௌத்து வீடு மாதிரி யாசீன் ஓத ஆரம்பித்துவிட்டது. பாக்கர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்ல மனுசன். ஆனா பிடிவாதத்துல கழுதை தோத்துரும்" என்றார். சாலிஹா, "சின்னப்புள்ளயில என் பங்கு முட்டையையும் புடுங்கித் தின்ன காக்கா!" என்று ஒப்பாரி வைத்தாள். லீவுக்கு வந்திருந்த என் மகள் ஜுனைதா, மாமன் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் போட்டாளே ஒரு சத்தம்: "நாடி இருக்கு! லேசா மூச்சும் இருக்கு! மாமாவுக்கு எல்லாம் கேக்குது. பாத்துப் பேசுங்க!"

பாக்கர் உடனே, "பிடிவாதம்னு நான் நல்ல அர்த்தத்துலதாம்மா சொன்னேன்" என்றார்.

"கேக்குதுன்னா ஏன் அசையல?" என்று நான் கேட்டேன். அவள் சொன்னது என் மரமண்டைக்கே ஏறியது. "மூளை போடுற உத்தரவு நரம்பு வழியா மின்சாரமா ஓடுது வாப்பா. நரம்பு முடியிற இடத்துல ஒரு சின்ன இடைவெளி. மின்சாரம் அதைத் தாண்டாது. அங்கன ஒரு ரசாயனம் ஊறி, அக்கரைக்குப் போயி, சதையை அசையச் சொல்லுது. நம்ம போட் மெயில் மாதிரி: தனுஷ்கோடி வரைக்கும் ரயிலு, அதுக்கப்புறம் தலைமன்னாருக்குக் கப்பலு. இந்த மீனு விசம் ரயிலையே மறிச்சிருச்சு. மூளை முழிச்சிருக்கு, உத்தரவு நெஞ்சுக்குச் சரியா வந்து சேரல. மூச்சு நின்னுச்சுன்னா, விசம் இறங்குற வரைக்கும் அவருக்காக நாம மூச்சு இழுக்கணும்."

சொல்லி வாய் மூடுவதற்குள் மூச்சு நின்றுவிட்டது. சொன்னபடியே செய்தாள் மச்சான்! மாமனைக் குப்புறப் போட்டு, முதுகை அமுக்கி, கைகளைத் தூக்கி, மறுபடி அமுக்கி, கொஞ்சமும் கலங்காமல் மூச்சைத் தள்ளி இழுத்தாள். வந்த டாக்டரே, "விடாம செய்யுங்க, இதுக்கு வேற மருந்து இல்ல" என்று பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். பொழுது சாய்ந்து மஃரிபு பாங்கு சொல்லும்போது உங்கள் அண்ணன் விரல் அசைந்தது. பிறகு மூச்சு தானாக வந்தது. வாய் திறந்ததும் முதல் பேச்சு, "ஏலே பாக்கரு, கழுதையா நானு?" இரண்டாவது, என் மகளைப் பார்த்து, "படிச்சு முடிம்மா. கட்டுறவன் தேடி வரட்டும்."

இப்படி ஒரு பிள்ளையைப் பெற்றவன் நான். கொழும்பில் எல்லோரிடமும் சொல்லுங்கள். உங்கள் வீட்டாருக்கு ஸலாம். ஆண்டவன் உங்களுக்கு நீண்ட ஆயுளையும் நல்ல மீனையும் தருவானாக.

உங்கள் மச்சான்
காதர் மைதீன்

பின்குறிப்பு: மாமா, நான் ஜுனைதா. நரம்பைப் பற்றிப் பேசியது நான்தான். ஆனால் பெரிய மாமாவின் மூச்சு நின்றதும் படித்ததெல்லாம் மறந்து, அவர்கள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "அழுவ ஊரே இருக்கு. என்ன செய்யணும்னு நீ சொல்லு, நான் செய்யிறேன்" என்று வாப்பாதான் அதட்டினார்கள். பொழுது சாயும்வரை ஆள் மாற்ற விடாமல் மூச்சு இழுத்ததும் வாப்பாதான். தோள் வீங்கிப் பேனாகூடப் பிடிக்க முடியவில்லை. அவர்கள் சொல்லச் சொல்ல இதை எழுதியது நான். 'கொஞ்சமும் கலங்காமல்' என்ற இடத்தில் எழுத மாட்டேன் என்றேன்; எழுதும்வரை விடவில்லை. இப்போது அசந்து தூங்குகிறார்கள்.