பிரேக்குக்கு அடியில் ஒரு தாம்பூலத் தேங்காய்

பெண் பார்க்கப் போகிறவன் இரவல் காரில் போகக் கூடாது. போனாலும் அவனே ஓட்டக் கூடாது. ஓட்டினாலும் வாயை மூடிக்கொண்டு ஓட்ட வேண்டும். நான் மூன்றையும் மீறியவன் என்பதால் இதைச் சொல்ல எனக்கு முழுத் தகுதி உண்டு.

கார் என் அக்கா வீட்டுக்காரருடையது. ஆட்டோமேட்டிக். அதில் அம்மாவையும் பெரியம்மாவையும் ஏற்றிக்கொண்டு அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் போனேன். பெண் பெயர் மகேஸ்வரி. காபி டம்ளரை நீட்டும்போது ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள், அவ்வளவுதான், நான் காலி. அம்மாவுக்கும் பிடித்துப்போயிற்று. பெரியம்மா மட்டும், "வீட்டுக்குப் போயி யோசிச்சுச் சொல்றோம்" என்றார். எங்கள் வீட்டில் அவர் தலையாட்டாமல் ஒன்றும் நடக்காது. சகுனம் பார்ப்பதில் புலி. பல்லி கத்தினால் பஸ்ஸிலிருந்தே இறங்கிவிடுகிறவர்.

அந்த நேரத்தில் நான் சும்மா இருந்திருக்கலாம். மகேஸ்வரியின் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் காரைப் பற்றி வகுப்பெடுத்தேன். "கிளட்ச்சே கெடையாது மாமா. வண்டியே எல்லாம் பாத்துக்கிரும். நாம சும்மா உக்காந்தாப் போதும்."

"அப்படியா தம்பி" என்று பணிவாகக் கேட்டுக்கொண்டார் சித்தப்பா. அவர் பந்தல்குடியில் லோடு வண்டி ஓட்டுகிறவர்.

கிளம்பும்போது மகேஸ்வரியின் அம்மா, வெற்றிலை பாக்கு, பூ, பழம், தேங்காய் போட்ட தாம்பூலப் பையை நீட்டினார். பாய்ந்து வாங்கி, டிரைவர் சீட்டுக்கு முன்னால் கீழே வைத்துவிட்டு, சுற்றி ஓடிப்போய் இருவருக்கும் கதவைத் திறந்துவிட்டேன். (ஜன்னலில் மகேஸ்வரி நிற்பது தெரிந்துதான். இல்லாவிட்டால் அம்மாவுக்குக் கதவு திறந்துவிடுகிற பிள்ளையா நான்?) திரும்பி வந்து பையைத் தூக்கி அம்மா மடியில் வைத்தேன். புது வேட்டியை விரித்து உட்கார்ந்து, பிரேக்கை மிதித்து, ஸ்டார்ட் பொத்தானை ஸ்டைலாக அழுத்தினேன்.

ரேடியோ பாடியது. எஞ்சின் பேசவில்லை.

மறுபடி அழுத்தினேன். டாஷ்போர்டில் விளக்கெல்லாம் எரிந்தது. இன்னொரு தரம். எல்லாம் அணைந்தது.

"பேட்டரிதான்" என்று அறிவித்தேன். சித்தப்பா கையை உள்ளே விட்டு ஹாரனை அடித்தார். தெருவே திரும்பியது. "பேட்டரி கிண்ணுன்னு இருக்கு தம்பி" என்றார். அப்படியானால் சாவிக்குள் இருக்கும் பேட்டரி என்றேன். கடிகாரக் கடையில் புதிது வாங்கிப் போட்டோம். ரேடியோ பழையபடி பாடியது. பிரேக் பெடல் கல்லாக இருந்தது. எஞ்சின் ஓடாதபோது அது இறுகத்தான் செய்யும் என்று அதற்கும் விளக்கம் சொன்னேன். (எல்லாம் வீடியோ பார்த்து வந்த ஞானம்.) கியரை அசைத்தேன். அசையவில்லை. உள்ளுக்குள் எனக்கு வேர்த்துவிட்டது. அத்தான் என்னைக் கொன்றுவிடுவார்.

"ஏலே, வாங்கப்பா, தள்ளிவிட்டாக் கெளம்பிரும்!" என்று சித்தப்பா தெருவைத் திரட்டினார். ஆட்டோமேட்டிக் தள்ளினால் கிளம்பாது என்று நான் கத்தியது யார் காதிலும் ஏறவில்லை. அன்று நான் சொன்னதில் சரியான விஷயம் அது ஒன்றுதான். வெயிலில் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துத் தள்ளினார்கள். பார்க்கிங் கியரில் பூட்டிக் கிடந்த கார் குலுங்கிவிட்டு நின்ற இடத்திலேயே நின்றது.

பின்சீட்டில் பெரியம்மா முந்தானையால் விசிறிக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்: "வாசல்லயே மறிக்குது. இந்த எடம் வேணாம். எறங்குடா, பஸ்ஸுக்குப் போவோம்."

மெதுவாகச் சொல்லியிருக்கலாம். மகேஸ்வரியின் அம்மாவுக்குக் கேட்டுவிட்டது. அந்த முகம் வாடிவிட்டது. கார் போனால் போகட்டும், மகேஸ்வரி போய்விடுவாளே! சத்தியமாக அழுகை வந்தது.

அப்போதுதான் அவள் வெளியே வந்து காருக்குப் பின்னால் நின்றாள்.

"அப்பா, அவுகளப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்க."

"மிதிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்!" என்று நானே கத்தினேன்.

"மிதிச்சாப் பின்னாடி லைட்டு எரியணும்ல? எரியலையே. என் ஸ்கூட்டரும் பிரேக்கைப் பிடிச்சாத்தான் ஸ்டார்ட் ஆகும். காலுக்குக் கீழ என்னமும் கெடக்கான்னு பாருங்க."

வேட்டியை ஒதுக்கிக் குனிந்தேன். பெடலுக்கு அடியில், மஞ்சள் பூசி, குடுமியோடு, கெட்டியாக முட்டுக்கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது தாம்பூலத் தேங்காய். பையிலிருந்து உருண்டிருக்கிறது. பிரேக் அமுங்காமல் வண்டி கிளம்பாது, கியரும் நகராது. கார் மேல் ஒரு குற்றமும் இல்லை.

தெரு சிரித்தது. "வண்டியே எல்லாம் பாத்துக்கிரும்னீகளே தம்பி!" என்றார் சித்தப்பா. தேங்காயை எடுத்துவிட்டு மிதித்தேன், அழுத்தினேன். எஞ்சின் பூனை மாதிரி உறுமியது. ஏசி காற்று முகத்தில் அடித்தபோது உயிர் வந்தது.

பெரியம்மா கையை நீட்டித் தேங்காயை வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். அம்மா சாமியைக் கும்பிட ஆரம்பித்துவிட்டாள்.

"வண்டிய அமத்துடா" என்றார் பெரியம்மா. "அவுக குடுத்த தேங்காயே போக விடாம மறிக்குது. இதுக்கு மேல என்ன சகுனம் வேணும்? இந்தக் கூறுகெட்டவனுக்கு இப்படி ஒருத்திதான் சரி. இன்னைக்கே பூ வச்சுட்டுப் போவோம்." பையிலிருந்த மல்லிகையை எடுத்துக்கொண்டு இறங்கியேவிட்டார்.

இன்றும் மாமியார் வீட்டிலிருந்து கிளம்பினால் தேங்காய் டிக்கியில்தான் வரும். சித்தப்பா லோடு கட்டும் கயிற்றால் அதை வரிந்து கட்டாமல் விடமாட்டார். கார் ஓட்டுவது மகேஸ்வரி. வீட்டில் மிக்ஸி ஓடாவிட்டாலும் சரி, மோட்டார் தண்ணீர் ஏற்றாவிட்டாலும் சரி, நான் காரணம் சொல்ல வாயைத் திறக்குமுன் என் மகள் கேட்டுவிடுகிறாள்:

"மொதல்ல காலுக்குக் கீழ பாத்தீகளாப்பா?"