செத்தவர் சாப்பிட்ட முட்டை

செத்துப்போயிருக்க வேண்டியவர் முட்டை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

லின்ட்சி ஹார்க்ரேவ் படத்தை நிறுத்தி, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். நெகட்டிவ் டப்பாவின் மேல் நாலு என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. நாலாவது ரீலில் கதாநாயகி புருஷனின் கல்லறையில் விழுந்து அழ வேண்டும். ஐந்தாவது ரீலில்தான் அந்தப் புருஷன் உயிரோடு உட்கார்ந்து, சிரித்தபடி அவித்த முட்டையின் தலையைத் தட்ட வேண்டும். அறுபது வருடமாக உலகம் 'எட்டாவது வேலி'யை அப்படித்தான் பார்த்து வந்திருக்கிறது. கல்லறையிலிருந்து முட்டைக்குத் தாவும் அந்த ஓர் இடத்தை ஆராய்ந்தே மூன்று பேர் டாக்டர் பட்டம் வாங்கியிருக்கிறார்கள்.

லின்ட்சி வாங்கியது பட்டமல்ல, இந்த வேலை. பத்தொன்பது வயதுப் பையனாக, அப்பா இறந்து இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில், வீட்டு டிவியில் அந்த முட்டையைப் பார்த்து விசும்பி அழுதவர் அவர். போனவர்கள் நினைவில் திரும்பி வந்து காலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்துவிடுகிறார்கள் என்று அன்று அவருக்குப் பட்டது. அன்றுமுதல் பழைய படங்களைத் துடைத்துப் பழுதுபார்த்து, வீட்டில் பார்க்க டிஸ்க்காகக் கொண்டுவருவதே பிழைப்பு. அதில் ஒரே ஒரு விரதம். இயக்குநர் எடுத்ததில் மயிரிழை கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். மெல்போர்னில் அவர் வேலை பார்க்கும் சின்ன கம்பெனி விற்கும் ஒவ்வொரு உறையிலும் இந்த வாக்கியம் அவர் கையெழுத்தோடு அச்சாகும்.

யாரோ டப்பாவில் எண்ணை மாற்றி எழுதிவிட்டதாக முடிவுகட்டி, இரண்டு ரீலையும் இடம் மாற்றிச் சேர்த்தார். ஒலி வேலை பார்க்கும் டீகன் வந்து நின்றாள்.

"மியூசிக் இடிக்குது லின்ட்சி. முட்டை ரீல் கடைசில வயலின் ஆரம்பிக்குது, கல்லறை ரீல் தொடக்கத்துல அதே வயலின் முடியுது. டப்பா நம்பர்படி போட்டா நூல் பிடிச்ச மாதிரி சேருது."

"அது அப்படிப் பட்டுன்னு அறுந்து போறதுதாம்மா அழகே. அதைப் பத்தி ஒரு புஸ்தகமே இருக்கு."

"எழுதினவருக்குக் காது இருந்துச்சான்னு அதுல போட்டிருக்கா?"

அவள் வாயை மூட வைப்பதற்காக, இயக்குநரின் குடும்பத்துக்கு எழுதி அவருடைய எடிட்டிங் நோட்டை வரவழைத்தார். வந்தது. இயக்குநரின் சொந்தக் கையெழுத்தில்: நாலு, முட்டை. ஐந்து, சாவு, கல்லறை. அடிக்கோடு வேறு. அப்படியானால் படம் முதன்முதலில் ஓடிய காசில்மெய்ன் ஊர்த் தியேட்டரில் யாரோ ரீலை மாற்றிப் போட்டிருக்கிறார்கள். மற்ற ஊர்களுக்கும் அதே வரிசை போயிருக்கிறது. பத்திரிகைகள் மேதை என்று தூக்கி வைத்ததும், இயக்குநர் வாயே திறக்காமல் பாராட்டை வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டார்.

லின்ட்சி அன்று மதியத்துக்கு வாங்கி வைத்த மீட் பை என்ற இறைச்சிப் பலகாரத்தைத் தொடவில்லை. வாழ்நாள் முழுக்க ஒரு பிசகைக் காதலித்திருக்கிறோம் என்று மனசு கசந்தது. ஆனாலும் விரதம் விரதம்தானே.

இரண்டு விதமாகவும் போட்டுவிடலாம், வேண்டியவர்கள் வேண்டியதைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று முதலாளி நோலீன் கெஞ்சிப் பார்த்தாள்.

"ஒண்ணு இயக்குநர் படம். இன்னொண்ணு எவனோ தூக்கக் கலக்கத்துல பண்ணின தப்பு. தப்பை நான் விக்க மாட்டேன்."

"இந்த டிஸ்க் ஊத்திக்கிச்சுன்னா கடையை மூட வேண்டியதுதான். உங்க விரதத்தை வீட்ல உட்கார்ந்து காப்பாத்துங்க."

அவர் ஒற்றைக் காலில் நின்றார். நோட்டில் உள்ள வரிசைப்படிதான் டிஸ்க் வரும் என்று அறிவிப்பு வெளியானது. சேகரிப்பாளர்கள் கொதித்தார்கள். அவர்களைச் சமாதானப்படுத்தப் பன்னிரண்டு பக்கத்தில் விளக்கம் எழுதினார். முன்பதிவு செய்தவர்களில் பாதிப் பேர் வேண்டாம் என்றுவிட்டார்கள். மீதிப் பேருக்காக நாற்பது பக்கத்தில் எழுதினார். மூன்று டாக்டர்களும் சேர்ந்து கண்டனக் கடிதம் அனுப்பினார்கள்.

கடைசியாக அவருக்கு ஒரு யோசனை வந்தது. காசில்மெய்னில் அன்று படம் ஓட்டிய ஆபரேட்டர் மெர்வ் டக்கெட், தொண்ணூற்றொரு வயதில் இன்னும் இருக்கிறார். அதே தியேட்டரில் படத்தைக் காட்டி, தப்பு நடந்ததை எல்லோர் முன்னாலும் அவர் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டால் தீர்ந்தது. காரில் கூட்டிப்போய், ஜாம் தடவிய ஸ்கோன் ரொட்டியும் தருவதானால் வருவதாக மெர்வ் சொல்லியனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் படம் ஓடியது. புருஷன் முட்டை சாப்பிட்டான். வேலி கட்டினான். செத்தான். அவள் அழுதாள். மூன்றாவது வரிசையில் குறட்டை கேட்டது. டாக்டர்களில் ஒருவர் கழிப்பறைக்குப் போனவர் திரும்பவே இல்லை. நோலீன் போனில் வேலைவாய்ப்பு விளம்பரம் பார்த்துக்கொண்டிருந்தாள். முட்டை வந்தபோது அழுகை வருமென்று லின்ட்சி காத்திருந்தார். வரவில்லை. யாரோ ஓர் ஆள் ஏதோ ஒரு முட்டையைச் சாப்பிட்டான், அவ்வளவுதான். மடியிலிருந்த நோட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

விளக்கு எரிந்ததும் மைக்கை மெர்விடம் நீட்டிக் கேட்டார்.

"பெரியவரே, அன்னிக்கு நாலாவது ரீலும் அஞ்சாவது ரீலும் கை தவறி மாறிப்போச்சு, அப்படித்தானே?"

மெர்வ் மேல்சட்டையில் உதிர்ந்திருந்த ஸ்கோன் துணுக்குகளைத் தட்டிவிட்டு, அப்போதுதான் தூக்கம் கலைந்து விழித்துக்கொண்டிருந்த கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"கையெல்லாம் தவறலை தம்பி. மொத நாள் மதியக் காட்சியில ஜனங்க இதே மாதிரிதான் தூங்குனாங்க, சாயங்காலக் காட்சிக்கு நான்தான் ரீலை மாத்திப் போட்டுப் படத்தைத் தேத்தினேன். அதை மறுபடியும் யாரு கெடுத்து வச்சது?"