கட்டாயச் சந்தோசம்

படகு இன்னும் துறையைவிட்டு அசையவில்லை. அதற்குள் கறுப்புக் கண்ணாடிக்காரர் ஆயிரம் ரூபாய்த் தாளை நீட்டிவிட்டார். றுமைஸ் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"பேக்கைத் தூக்கிக்கொண்டு வந்தீங்களே தம்பி, வச்சுக்கொள்ளுங்க."

"வேணாம் சேர். அது என்ட வேலை."

வேறு நாளென்றால் அந்தத் தாள் வந்த வேகத்தைவிட வேகமாகச் சட்டைப்பைக்குள் போயிருக்கும். மட்டக்களப்புக் கடலடியில் கிடக்கும் பழைய கப்பலைக் காட்ட ஆட்களை ஏற்றிப்போகிற படகு அது. ஆட்களோடு தண்ணீருக்குள் இறங்குவது சொந்தக்காரர் ஜசிந்தன். மேலே நின்று படகைப் பார்த்துக்கொள்வது றுமைஸ். வருகிறவர்கள் போகும்போது கையில் வைத்துவிட்டுப் போகும் காசுக்கு நம் நாட்டில் சந்தோசம் என்று பெயர். அந்தச் சந்தோசம் இல்லாவிட்டால் படகுக்காரன் வீட்டில் பாதி நாள் சோறு இல்லை.

ஜசிந்தன் ஒருபடி மேலே போனவர். மாலைதீவுப் படகுகளில் இப்படித்தான் என்று எங்கேயோ கேள்விப்பட்டு, பயணக் கட்டணத்தோடு நூற்றுக்குப் பத்து வீதம் சந்தோசத்தையும் சேர்த்து முன்கூட்டியே வாங்கிவிடுவார். "பணியாளர் சந்தோசம் பத்து வீதம், கட்டாயம்" என்று படகில் ஒரு பலகையும் உண்டு. கட்டாயப்படுத்தி வாங்குவது எப்படிச் சந்தோசமாகும் என்று கேட்ட ஒரே ஆள் அவர் மனைவி மேர்லின். அவள் கேட்டது பலகைக்குப் பெயின்டும் அடித்து முடித்த பிறகு.

இன்று அந்தப் பலகையின்மேல் றுமைஸின் ஈரத் துவாய் காய்ந்துகொண்டிருந்தது. காயவைக்க அல்ல, பலகையை மறைக்கத்தான் அவன் அதைப் போட்டிருந்தான்.

காரணம் வெளிநாட்டு வேலை ஏஜென்ட் றிஸ்லான். முதல் நாள் பின்னேரம் அவன் போன் எடுத்துச் சொன்னான்: "நாளைக்கு உன்னப் பாக்க மாலைதீவு டைவிங் போட் ஒண்டில இருந்து ஒரு ஆள் வருவாரு. ஆரெண்டு சொல்ல மாட்டாங்களாம். உன்ட நடத்தையப் பாத்துத்தான் வேலை."

அந்த வேலை றுமைஸுக்குக் கட்டாயம் வேண்டும். ஏறாவூரில் பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் கலியாணம் இல்லை. தங்கை நஸ்ஹாவுக்கு அவன் கட்டும் வீட்டில் சுவர் எழும்பிவிட்டது, கூரைதான் இல்லை. மாப்பிள்ளை வீட்டார் மரியாதையான மனிதர்கள். வரும்போதெல்லாம் கூரை இல்லாத அறைக்குள் நின்று, கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார்கள். வாய்விட்டு ஏசியிருந்தால்கூட அவனால் தாங்கியிருக்க முடியும்.

வருகிற ஆள் பயணியாகத்தான் வருவார், கை நீட்டுகிறவனா இல்லையா என்றுதான் பார்ப்பார் என்று றுமைஸ் தானாகவே முடிவு கட்டிக்கொண்டான். பயணிகள் மூன்றே பேர். அதில் இருவர் வயதான ஜேர்மன் தம்பதி. மிஞ்சியவர் இந்தக் கறுப்புக் கண்ணாடி. கொழும்பிலிருந்து வந்தவராம். படகுக்கு வயதென்ன, எத்தனை வருட அனுபவம், கடல் குழம்பினால் என்ன செய்வீர்கள் என்று ஏறியதிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார். இவர்தான், சந்தேகமே இல்லை.

ஆயிரம் காணாது போல என்று நினைத்த கறுப்புக் கண்ணாடி, இரண்டாயிரமாக்கி அவன் சட்டைப்பைக்குள்ளேயே செருகினார். றுமைஸ் அதை எடுத்து அவருடைய பேக்குக்குள் வைத்து சிப்பை இழுத்து மூடினான்.

இதையெல்லாம் முகைதீன்பாவா பார்த்துக்கொண்டிருந்தார். வழமையாக வரும் ஆளுக்குக் காய்ச்சல் என்பதால் அன்று ஒரு நாள் கூலிக்கு வந்தவர் அவர். ஓட்டமாவடிக்காரர், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பேசாமல் மூச்சுக்காற்றுச் சிலிண்டர் தூக்குகிற மனிதர்.

"மனே, படகில வாற சந்தோசத்தில எனக்கும் பங்கு இரிக்கிதானே?" என்றார் மெதுவாக.

"பேசாம இரிங்க காக்கா," என்று அண்ணன் முறை சொல்லியே அவரை அடக்கினான் றுமைஸ்.

படகு வாவியைத் தாண்டி முகத்துவாரத்தால் கடலுக்குள் போனது. கப்பல் கிடக்கிற இடம் வந்ததும்தான் தெரிந்தது, ஜேர்மன் அம்மா தண்ணீருக்குள் இறங்கும் உடுப்புக்கே மாறவில்லை. இத்தனை நாடுகளில் இறங்கியிருக்கிறேன், தந்த காசைத் திருப்பித் தருகிற படகை எங்கேயும் கண்டதில்லை, கீழே போகிறவர்கள் திரும்பி வரமாட்டார்கள் என்று தெரிந்துதான் இந்தப் பையன் பாவத்துக்குப் பயந்து வாங்காமல் விடுகிறான் என்று புருஷனிடம் சொல்லிவிட்டாள். சிலிண்டரில் காற்றின் அளவு காட்டும் முள்ளை மூன்று தரம் பார்த்தாள். மனைவி இறங்காமல் தானும் இறங்கமாட்டேன் என்றார் ஐயா. அதைக் கேட்ட கறுப்புக் கண்ணாடியும் ஒரு காலைச் செருப்புக்குள் திரும்ப நுழைத்துக்கொண்டார்.

"என்னடா செஞ்ச நீ?" என்று ஜசிந்தன் பல்லைக் கடித்தார்.

மாலைதீவு வேலை விஷயம் அவருக்குத் தெரியாது. தெரிந்தால் அந்த இடத்திலேயே இறக்கிவிடுவார், அந்த இடமோ நடுக்கடல். றுமைஸ் வேறு வழியில்லாமல் ஒவ்வொரு சிலிண்டராகக் குழாயை வாயில் வைத்து மூச்சு இழுத்துக் காட்டினான். காற்று நல்ல காற்று என்று நெஞ்சை விரித்துச் சிரித்தும் காட்டினான்.

"எல்லாத்தையும் நீயே குடிச்சிராத மனே. கீழ போறவங்களுக்கும் கொஞ்சம் வை," என்றார் முகைதீன்பாவா.

ஜேர்மன் அம்மாவின் பயம் போய்விட்டது. இப்போது அருவருப்பு வந்தது. அவன் வாய் வைத்த குழாய்களையெல்லாம் பேப்பர் துவாயால் அழுத்தி அழுத்தித் துடைத்த பிறகுதான் அவர்கள் இறங்கினார்கள்.

மேலே இருவர் மட்டும் மிஞ்சினார்கள். முகைதீன்பாவா கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டு அவன் பக்கத்தில் வந்து குந்தினார்.

"சந்தோசம் வேணாமெண்டு சொல்ல உனக்கு உரிமை இரிக்கி. எனக்கும் சேத்துச் சொல்ல ஆரு உரிமை தந்த?"

"ஒரு நாள் கூலிக்கு வந்த ஆளுக்கு என்னத்துக்குக் காக்கா பங்கு?"

சொன்ன வாயை அப்போதே கடிக்க வேண்டும் போலிருந்தது றுமைஸுக்கு. அந்த மனிதர் முகம் சுருங்கவில்லை, சுருட்டிய கயிற்றை அவிழ்த்து மறுபடியும் சுருட்டத் தொடங்கினார். அது இன்னும் மோசமாக இருந்தது. ஆனால் கூரை நினைவுக்கு வந்தது. ஒரு நாள் பொறுத்தால் நஸ்ஹாவுக்கு வீடு, இவருக்கு நாளைக்கு வேறு எங்காவது வேலை கிடைக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டான்.

கீழே போனவர்கள் ஒரு குறையும் இல்லாமல் மேலே வந்தார்கள். கப்பலைக் கண்ட மகிழ்ச்சியில் ஜேர்மன் ஐயா ஒரு தடித்த என்வலப்பை எடுத்து றுமைஸிடம் நீட்டினார். றுமைஸ் கறுப்புக் கண்ணாடியை ஒரு தரம் பார்த்துக்கொண்டு, எங்கள் படகில் யாரும் காசு வாங்குவதில்லை என்று தெரிந்த ஆங்கிலத்தில் தலை நிமிர்ந்து சொன்னான்.

அந்த நேரம் பார்த்துக் கடற்காற்று துவாயைத் தூக்கிக்கொண்டு போனது. பலகை பளிச்சென்று தெரிந்தது. கட்டாயம் என்ற சொல்லைச் சிவப்புப் பெயின்டில் மூன்று மொழியிலும் எழுதியிருந்தார் ஜசிந்தன்.

"இதென்ன, பில்லிலயும் பத்து வீதம் எடுத்திருக்கிறாங்களே," என்று கறுப்புக் கண்ணாடி தன் போனைத் திறந்தார்.

றுமைஸ் அவசரமாகக் குறுக்கே வந்தான். "அது பிழையா எழுதின சேர். திருப்பித் தருவம்."

"ஆருடா தருவான்?" என்றார் ஜசிந்தன்.

அவர் தரமாட்டார் என்பது அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது. நஸ்ஹாவின் கூரை மரத்துக்கு முற்பணம் கட்டவென்று றுமைஸ் பொலித்தீன் பையில் சுற்றிக் கொண்டுவந்த காசு அவன் இடுப்பில் இருந்தது. வீட்டுக்குப் போகிற வழியில், மரம் விற்கும் மரக்காலையில் கொடுப்பதாக இருந்தான். வேலை கிடைத்தால் மரமென்ன, ஓடும் வாங்கலாம் என்று நினைத்து அதை அவிழ்த்தான். மூன்று பேருக்கும் பத்துப் பத்து வீதம் கணக்குப் பார்த்துக் கொடுத்தான். பயணிகளுக்குப் படகுக்காரன் சந்தோசம் கொடுத்தது இந்தக் கரையில் அதுதான் முதல் தடவையாக இருக்கும். ஜேர்மன் அம்மா அவனைப் படம் எடுத்தாள். ஜசிந்தன் தலையில் கைவைத்துக்கொண்டு படகின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

துறையில் இறங்கியதும் றுமைஸ் கறுப்புக் கண்ணாடியின் பின்னால் ஓடினான். எப்போது கூப்பிடுவீர்கள் என்று கேட்க வெட்கமாக இருந்ததால், வேறு ஏதும் விஷயம் உண்டா சேர் என்று மட்டும் கேட்டான். அவர் சந்தோசமாகத் தன் பெயர் அட்டையை நீட்டினார்.

"நான் பல் டொக்டர். உங்களை மாதிரி நேர்மையான ஆளைக் கண்டதே இல்லை. பல்லுக் கொதிச்சா வாங்க, காசு வேண்டாம்."

"மாலைதீவு, சேர்?"

"மாலைதீவா? எனக்குக் கடலெண்டாலே பயம் தம்பி. பிறந்தநாளுக்கு மனுசி காசு கட்டிட்டா, அதுதான் வந்தேன்."

அவரை ஏற்றிக்கொண்டு வான் வண்டி போய்விட்டது. றுமைஸுக்கு அழுகை வந்தது. அந்த ஆள் வரவே இல்லையா, வராத ஆளுக்காகவா கூரை மரத்தைப் பங்கு போட்டுக் கொடுத்தேன் என்று மணலில் நின்றான். நஸ்ஹாவிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. அந்தக் கவலைக்குள்ளும் இன்னொன்று குத்தியது. முகைதீன்பாவா தண்ணீர்க் குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். அவரிடம் போய், பொலித்தீன் பையில் மிஞ்சியிருந்த ஐந்நூறு ரூபாவை நீட்டினான்.

"உங்கட பங்கு காக்கா. அப்படிச் சொன்னதுக்கு மன்னிச்சிக்கொள்ளுங்க."

அவர் கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு, தாளை வாங்கி மடித்து, அவன் சட்டைப்பைக்குள்ளேயே திரும்ப வைத்தார்.

"நீ நல்ல பொடியன் மனே, உன்னப் பாக்கத்தான் நானும் வந்த, ஆனா எங்கட மாலைதீவுப் போட்டில சம்பளம் பேருக்குத்தான், பதினொரு குடும்பம் தின்னுறது சந்தோசத்தில, உன்னக் கூட்டிட்டுப் போனா அவங்க என்னையும் சேத்துக் கடல்ல தள்ளிருவாங்க."