ஹவ் மாமாவின் முதல் நக்கோ

செகந்திராபாத்தில் ஹவ் மாமாவைப் போல் பயந்த மனிதர் இன்னொருவர் இருக்க முடியாது. இருந்தால், அவர் பயத்தில் இன்னும் வெளியே வரவில்லை என்று அர்த்தம்.

மாரெட்பள்ளியில் எங்கள் மேல்வீட்டுக்காரர். மத்திய அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். யார் எது கேட்டாலும், இந்த ஊர் வழக்கப்படி 'ஆமாம்' என்பதற்கு 'ஹவ்' என்று தலையாட்டிவிடுவார். மறுத்துப் பேசினால் எதிராளிக்குக் கோபம் வந்துவிடுமே என்ற பயம். அடுக்ககத் தேர்தலில் எதிரும் புதிருமாக நின்ற இரண்டு பேரையும் முன்மொழிந்தவர் அவர்தான். ஒருநாள் சலூன்காரர் "மீசையையும் எடுத்துடவா?" என்று கேட்க, "ஹவ்" சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தார். மாமி கதவிடுக்கில் பார்த்துவிட்டு, "மாமா ஆத்துல இல்லை" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

மாமியை ஆஸ்பத்திரியில் சேர்க்கும்வரை இதையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

பித்தப்பையில் கல். ஆபரேஷனுக்கு நான்தான் காரில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். முன்னதாகக் கொடுத்த மாத்திரையில் மாமி அரைத்தூக்கத்தில் இருந்தார். மாமா கேஸ் ஷீட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். திடீரென்று அவர் முகம் வெளுத்தது.

'மருந்து அலர்ஜி: இல்லை' என்றிருந்தது.

மாமிக்குப் பெனிசிலின் ஆகாது. போலாரத்தில் குடியிருந்தபோது அந்த ஊசி போட்டு, தொண்டை வீங்கி, மூச்சுத் திணறிப் பிழைத்தவர்.

"சேர்க்கறச்சே அந்தப் பொண்ணு, 'அலர்ஜி ஒண்ணும் இல்லையே?'ன்னு கேட்டா. நான் பாட்டுக்கு..." மாமா அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினார்.

'ஹவ்' சொல்லியிருக்கிறார்.

அந்த நேரம் பார்த்து நர்ஸ் தட்டில் ஊசியோடு உள்ளே வந்தாள். மாமா கட்டிலுக்கு முன்னால் போய் இரண்டு கைகளையும் விரித்து நின்றார். வேட்டி நடுங்குவது எனக்கே தெரிந்தது.

"ஜருகண்டி சார்," என்று நகரச் சொன்னாள் நர்ஸ்.

"நக்கோ!" வேண்டாம் என்கிற அந்தச் சொல்லை அவர் வாயில் அதுவரை யாரும் கேட்டதில்லை. "நக்கோம்மா, நக்கோ! பெனிசிலின் அவளுக்கு ஒத்துக்காது!"

நர்ஸ் டாக்டரம்மாவைக் கூட்டிவந்தாள். தட்டில் இருந்தது பெனிசிலின் வகை மருந்துதான் என்று அவர் பார்த்துச் சொன்னார். டாக்டரம்மா வேறு ஊசி எழுதிவிட்டுப் போனார்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். மாமா என் கையைப் பிடித்தார். "ரெக்கார்டுல இன்னும் 'இல்லை'ன்னுதானே இருக்கு? வேற யாராவது அதைப் பாத்துட்டு ஊசி போட்டுட்டா?"

ரெக்கார்டு பிரிவில் இருந்தவர் கம்ப்யூட்டரிலிருந்து தலையை எடுக்காமலே, ஒருமுறை ஏற்றியதை மாற்ற முடியாது என்று ஹிந்தியில் சொன்னார். சொன்னது நீங்கள்தானே என்று குரலையும் உயர்த்தினார்.

"ஹவ், நான்தான் தப்பா சொன்னேன்," என்றார் மாமா, பாதி ஹிந்தியும் பாதித் தமிழுமாக. "என்னை எவ்வளவு வேணா திட்டுங்கோ. அவ ரெக்கார்டைத் திருத்துங்கோ."

அவர் திட்டினார். மாமா கண்களை இறுக மூடிக்கொண்டார். ஆனால் இம்மியும் நகரவில்லை.

சத்தம் கேட்டு அதே டாக்டரம்மா வந்தார். பதிவில் தவறு இருந்தால் திருத்தச் சொல்வது நோயாளியின் உரிமை என்று அந்த ஊழியருக்கு எடுத்துச் சொன்னார். மாமியிடமும் விசாரித்துக்கொண்டு, பழைய வரியை அழிக்காமல் அதன் கீழே சரியான விவரத்தை எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டார். கம்ப்யூட்டரிலும் ஏற்றவைத்தார். அலர்ஜி உள்ளவர் என்று காட்ட மாமியின் மணிக்கட்டில் சிவப்புப் பட்டை ஏறியது.

திருத்திய பிரதியை எழுத்தெழுத்தாகப் படித்து முடித்த பிறகுதான் மாமா நாற்காலியில் சரிந்தார். "அந்த ரெக்கார்டு மனுஷன் ரொம்பக் கோவமா இருந்தாரோ?" என்று என்னிடம் மெல்லக் கேட்டார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து மாமி வீடு திரும்பினார்.

போன வாரம் என் மனைவி, "உங்களை ஆஸ்பத்திரியில சேர்க்கும்படி ஆச்சுன்னா நான் துணைக்கு யாரைக் கூப்பிடறது?" என்று கவலைப்பட்டாள். நான் மேல்வீட்டைக் காட்டினேன். அவர் வந்து என் பக்கத்தில் நடுங்கிக்கொண்டு நின்றால் போதும் எனக்கு.