சைவம் எண்டு சொன்னால் போதும்

ஓர் ஊருக்கு ஒரேயொரு தடவை போய்விட்டு, அதன்பிறகு வாழ்நாள் முழுக்க அந்த ஊரைவிட்டுத் திரும்பியே வராத ஒரு மனித இனம் உண்டு. இவர்களுக்குப் ‘போய் வந்தவர்’ என்று பெயர் வைத்துக்கொள்வோம். சிட்னியின் மேற்குப் பக்கத்தை இவர்கள் உலக வரைபடம்போலப் பங்கு பிரித்து ஆள்கிறார்கள். கெல்லிவில்லில் ஜப்பானுக்கு ஒருவர். நார்த்மீட்டில் சுவிற்சர்லாந்துக்கு ஒரு தம்பதி. அதில் கணவர் ரயில் பாஸ் எடு என்பார், மனைவி எடுத்தால் நட்டம் என்பார், கேட்கப் போனவர் பாலி போய்விட்டு வந்துவிடுவார். நீங்கள் ஒரு பிறந்தநாள் விருந்தில் வடைத் தட்டும் கையுமாக நின்று, வாய் தவறி, “ஏப்ரலிலை எங்கையாவது போவம் எண்டு…” என்று தொடங்கிப் பாருங்கள். மண்டபத்தின் மறுகோடியில் ஒரு காது நிமிரும். பிறகு உங்கள் வடை ஆறிவிடும்.

கிரவீனில் குடியிருக்கும் விக்னராஜா, புசானுக்குப் போய் வந்தவர்.

புசான் தென்கொரியாவின் கடற்கரை நகரம். விக்னராஜா அங்கே போனது உல்லாசக் கப்பலில். கப்பல் காலையில் கரை கட்டியது, மாலையில் அவிழ்த்தது, நடுவில் மழை பெய்தது. அந்தப் பகலில் அவர் கப்பல்காரர் விட்ட பஸ்ஸில் ஏறி மீன் சந்தை வரைக்கும் போனார். தொட்டிகளுக்குள் கிடந்தவை எல்லாம் உயிரோடு தன்னையே பார்ப்பதைக் கண்டு வாசலோடு நின்றார். கடைக்காரப் பெண் ஒருத்தி கையைப் பிடித்து உள்ளே இழுக்க, “சைவம், சைவம்” என்றார். அவள் முகம் மலர்ந்து “நே, நே” என்று தலையாட்டி இன்னும் பலமாக இழுத்தாள். அதற்குள் பஸ் வந்துவிட்டது. துறைமுகத்து மரப்பலகை வாங்கில் படுத்து ஒரு குட்டித் தூக்கம். பிறகு கப்பல். இவ்வளவும்தான் புசான்.

ஆனால் இந்த இனத்துக்கு இது தாராளம். ஒரு பகலை வைத்துக்கொண்டு மூன்று துறைகளிலும் சட்டம் எழுதிவிட்டார். போக்குவரத்து: புசானில் பஸ் இலவசம். தங்குமிடம்: கட்டில் மரப்பலகைதான், தலையணை கொண்டுபோக வேண்டும். சாப்பாடு: சைவம் என்று சொன்னால் போதும், தலையாட்டிக் கூட்டிக்கொண்டு போவார்கள். இந்த மூன்றுக்கும் மேலாக ஒரு பொது விதி: கொரிய மொழியில் பாதி தமிழ்தான். அம்மா, அப்பா இரண்டும் அங்கேயும் கிட்டத்தட்ட அதேதான் என்று எங்கேயோ கேட்டார். மிச்சத்தைத் தானே ஊகித்துக்கொண்டார்.

“நீங்கள் பஸ்ஸாலை இறங்கினதே மூத்திரம் பெய்யத்தானே,” என்பார் அவருடைய மனைவி நாகலட்சுமி, குசினிக்குள் சமைத்தபடியே. விக்னராஜாவுக்கு அந்தக் காது மட்டும் கேட்காது.

இப்படியிருக்கும் நாளில்தான், இரண்டு தெரு தள்ளி இருக்கும் இராஜேஸ்வரி ஒரு தட்டு லட்டோடு வந்தார். மகன் மயூரதனுக்குக் கல்யாணம். பெண் கூட வேலை செய்கிற பிள்ளை, கொரியாக்காரி, ஊர் புசான், பெயர் மிஞ்சி.

விக்னராஜா கதிரையிலிருந்து எழும்பியே விட்டார்.

“மிஞ்சியோ? கால்விரலிலை போடுற மிஞ்சி. பாத்தியளோ தங்கச்சி, பேரே தமிழ்.”

இராஜேஸ்வரிக்கு அதொன்றும் காதில் ஏறவில்லை. அவருக்கு ஒரே ஒரு பயம். பிறந்ததிலிருந்து மச்ச மாமிசம் வாயில் வைத்ததில்லை. முட்டை போட்ட கேக்கைக்கூட மணந்து பார்த்துத் தள்ளி வைப்பவர். கல்யாணம் புசானில், அதற்கு முதல் நாள் சம்பந்தி வீட்டில் விருந்து. அதை நினைத்துத்தான் நித்திரை போய்விட்டது.

“அதுகள் ஆசையா ஆக்கி வைக்க, நான் வேண்டாம் எண்டு தட்டைத் தள்ள, பெடியன்ரை முகம் வாடிப்போடும் அண்ணை. ஒருநாளும் என்னட்டை ஒண்டும் கேக்காத பிள்ளை. அதுதான் எனக்குப் பயமாக் கிடக்கு.”

கூட வந்திருந்த மயூரதன் போனிலிருந்து தலையை எடுக்காமல் சொன்னான். “அம்மா, மிஞ்சி ஹாஸ் டோல்ட் தெம். இட்ஸ் ஆல் ஃபைன்.”

விக்னராஜா சிரித்தார். அந்தச் சிரிப்பை நீங்கள் பார்த்திருப்பீர்கள். விமான நிலையத்தில் வாசல் மாறி நிற்பவரைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு.

“தம்பி, அந்தப் பிள்ளை அங்கை பிறந்து வளர்ந்தது. ஊர்க்காரருக்கு ஊர் தெரியாது. தங்கச்சி, நீங்கள் சிட்னியிலை இவ்வளவு வருசம். ஓப்பரா ஹவுஸுக்கு உள்ளை போயிருக்கிறியளோ?”

இராஜேஸ்வரி போனதில்லை.

“அதுதான் சொல்லுறன். போய் வந்தவனைக் கேக்கவேணும். நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. சைவம் எண்டு சொன்னால் போதும்.”

இதற்கு மேல் என்ன வேண்டும்? புசானில் பிறந்தவள் சொன்னது ஒரு பக்கம், புசானில் பஸ்ஸுக்குக் காத்திருந்தவர் சொன்னது மறுபக்கம். இராஜேஸ்வரி யாரை நம்பினார் என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள். அவரும் கணவர் மகேந்திரராசாவும் பெட்டிக்குள் இரண்டு தலையணையை அமுக்கி, அதன்மேல் ஏறி இருந்து பூட்டிக்கொண்டு புறப்பட்டார்கள்.

தலையணை கதை சின்னது. ஹோட்டல் அறையில் ஏற்கெனவே ஆறு தலையணை இருந்தது. பஸ் கதை அதைவிடச் சின்னது. இலவச பஸ்ஸில் மகேந்திரராசா கம்பீரமாக ஏறி உட்கார, சாரதி பஸ்ஸை எடுக்காமல் கண்ணாடியில் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் பின்னால் நின்ற ஒரு மாணவி இவர்களுக்காகத் தன் பயண அட்டையை இரண்டு தரம் கூடத் தட்டினாள். “பாத்தியோ, விக்கி சொன்னது சரி, காசு கேக்கேல்லை,” என்றார் மகேந்திரராசா. போய் வந்தவரின் சொல் பொய்க்கவே பொய்க்காது. நம்புகிறவர்கள் அதைப் பார்த்துக்கொள்வார்கள்.

விருந்து சனிக்கிழமை. மயூரதனும் மிஞ்சியும் கல்யாண உடுப்பை எடுத்துக்கொண்டு பின்னால் வருவதாகச் சொல்லி, தாய் தகப்பனை டாக்சியில் ஏற்றி முன்னால் அனுப்பிவிட்டார்கள். அப்போது கிரவீனில் விக்னராஜா தேத்தண்ணியோடு கதிரையில் சாய்ந்திருந்தார். போன் அடித்தது.

“அண்ணை,” என்றது இராஜேஸ்வரியின் குரல், மிக மெதுவாக. “சொன்னனான். இறால் வந்திட்டுது.”

“என்னெண்டு சொன்னியள்?”

“சைவம் எண்டு.”

“மெல்லமாச் சொல்லியிருப்பியள். அழுத்திச் சொல்லவேணும்.”

தேத்தண்ணி பாதி முடிவதற்குள் மறுபடியும் போன்.

“அழுத்திச் சொன்னன் அண்ணை. சம்பந்தி எழும்பி ஓடிப்போய் இன்னொரு பெட்டி வாங்கியந்திட்டார். இப்ப பொரிச்சதும் வருது, அவிச்சதும் வருது. ஒண்டு அசையுது.”

“கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னியளோ?”

“இல்லை.”

“அங்கைதான் பிழை விட்டிட்டியள். மரியாதையாச் சொன்னால்தான் அவைக்கு ஏறும்.”

எப்படிப்பட்ட தைரியம் பாருங்கள். எட்டாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் ஒரு வீடு இறாலில் மூழ்கிக்கொண்டிருக்கிறது, இவர் இங்கிருந்து உச்சரிப்புத் திருத்துகிறார். மூன்றாம் தரம் போன் வந்தபோது இராஜேஸ்வரியின் குரல் உடைந்திருந்தது.

“கும்பிட்டும் சொன்னன். அந்த மனிசனுக்குக் கண் கலங்கிப்போச்சு. எனக்குப் பக்கத்திலை வந்திருந்து தன்ரை கையாலை கோது உரிச்சு உரிச்சு என்ரை தட்டிலை வைக்குது. விரலெல்லாம் சிவந்துபோச்சு அண்ணை. இதை வேண்டாம் எண்டு எந்த வாயாலை சொல்ல? இஞ்சை இவரை வேறை நடுக் கதிரையிலை இருத்திப்போட்டு, குடும்பமா நிலத்திலை விழுந்து கும்பிடுதுகள். ஏனெண்டு விளங்கேல்லை. நான் என்ன செய்ய, சொல்லுங்கோ.”

விக்னராஜாவின் புசானில் இப்படியொரு இடமே கிடையாது. தொண்டையைச் செருமினார். “தங்கச்சி, லைன் வடிவா இல்லை,” என்று சொல்லிவிட்டு, லைன் மிக வடிவாக இருந்த அந்தப் போனை வைத்தார். வைத்ததோடு நிற்காமல் அணைத்தும்விட்டார். அழுகிற ஒரு மனுசியை நடுவழியில் விட்டோமே என்று அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும் போனைத் திருப்பிப் போடவில்லை.

“என்னவாம்?” என்றார் நாகலட்சுமி.

“எல்லாம் நல்லா நடக்குதாம்.”

அடுத்த இரண்டு வாரமும் விக்னராஜா வீட்டைவிட்டு அதிகம் வெளிக்கிடவில்லை. இராஜேஸ்வரி வந்து ஊருக்குச் சொல்லப் போகிறார்; அதோடு புசான் கையைவிட்டுப் போய்விடும். புசான் போனால் பிறகு விக்னராஜாவிடம் என்ன இருக்கிறது? ஓய்வூதியமும் நீரிழிவும்தான். சிட்னியில் கல்யாண வரவேற்பு வைத்தபோது வயிற்றுவலி என்றார். நாகலட்சுமி சேலையைக் கட்டி முடித்துக் கார்ச் சாவியை அவர் கையில் வைத்தார்.

மண்டபத்தில் ஒரு மூலை மேசையாகப் பார்த்து ஒதுங்கியவரை, கெல்லிவில் வாசுதேவன் வந்து பிடித்துக்கொண்டார். தமிழ்நாட்டுக்காரர், ஜப்பானுக்குப் போய் வந்தவர்.

“சார், டிசம்பர்ல நாங்க கொரியா போறோம். புசான் உங்க ஏரியாவாச்சே. என் வைஃப் ராதா ப்யூர் வெஜிடேரியன். சாப்பாட்டுக்கு என்ன பண்றது?”

விக்னராஜா வாயைத் திறந்தார். அவரையும் அறியாமல் ‘சை’ என்று வந்தேவிட்டது. அப்போதுதான் பின்னால் பட்டுச்சேலை சரசரக்கும் சத்தம் கேட்டது.

“அதை என்னட்டைக் கேளுங்கோ,” என்றார் இராஜேஸ்வரி.

சுற்றியிருந்தவர்கள் கதிரைகளைத் திருப்பிக்கொண்டார்கள். விக்னராஜா மேசை விரிப்பைப் பார்த்தபடி இருந்தார். இராஜேஸ்வரி சொன்னார். மிஞ்சியும் மயூரதனும் வாசலில் வந்து நின்றதும், மிஞ்சி இறால் மலையைப் பார்த்துத் தகப்பனைக் கேட்டதும், தகப்பன் பெருமையாகச் சொன்னதும். கொரிய மொழியில் ‘சேஉ’ என்றால் இறால். ‘சேஉமன்’ என்றால் இறால் மட்டும். சிட்னியிலிருந்து வந்த சம்பந்தியம்மா முதலில் சாதாரணமாகவும், பிறகு அழுத்தியும், பிறகு கைகூப்பியும் ‘இறால் மட்டும், இறால் மட்டும்’ என்று கெஞ்சினால் ஒரு மனிதர் ஓடிப்போய் வாங்காமல் என்ன செய்வார்? மகேந்திரராசாவின் கதையும் அப்படித்தான். எங்கள் பெண்கள் புருசனை ‘இஞ்சை வாங்கோ அப்பா’ என்று கூப்பிடுகிற வழக்கப்படி இராஜேஸ்வரியும் கூப்பிட, அங்கேயும் அப்பா என்றால் அப்பாவே ஆனபடியால், இவர் மாப்பிள்ளையின் பாட்டனார் என்று குடும்பமே காலில் விழுந்துவிட்டது. விழுந்து எழும்பிய பிறகு, மாப்பிள்ளையின் தகப்பன் ஏன் வரவில்லை என்று கவலையாக விசாரித்திருக்கிறார்கள்.

மண்டபம் சிரித்துக் களைத்தது. மகேந்திரராசா தலைமயிரைத் தடவிக்கொண்டார்.

“பேந்து சம்பந்தியம்மா எழும்பி உள்ளை போனா,” என்றார் இராஜேஸ்வரி. “அலுமாரியைத் திறந்து மூடி வைச்ச சட்டியளை ஒவ்வொண்டாக் கொண்டந்து வைச்சா. கீரை, காளான், தாமரைக் கிழங்கு. மகள் சொன்னவுடனை, பக்கத்துக் கோயில் மடத்திலை போய்ப் பழகிச் சமைச்சதாம். உள்ளி வெங்காயம்கூட இல்லை. நான் இறால் கேட்டபடியால், பாவம், எல்லாத்தையும் ஒளிச்சு வைச்சிருக்கிறா. எனக்கு அழுகை வந்திட்டுது. அவவும் அழுதா. இரண்டு பேரும் ஒரு பாஷையும் இல்லாமல் அழுதுகொண்டே சாப்பிட்டம்.”

இப்போது வரும், தன் பெயர் இப்போது வரும் என்று விக்னராஜா கண்ணை மூடிக்கொண்டார். இராஜேஸ்வரி அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை. வாசுதேவனின் பக்கமாகக் கதிரையை இழுத்துப் போட்டு, விரலை நிமிர்த்தினார். குரல் மாறிவிட்டது. அந்தக் குரலை விக்னராஜாவுக்கு நன்றாகத் தெரியும்.

“அதாலை நீங்கள் என்ன செய்யிறியள் எண்டால், அங்கை போய்ச் சைவம் எண்டு மட்டும் கேட்டிடாதேங்கோ. அங்கை சைவம் எண்டால் இறால். அப்ப இறால் எண்டால் சைவம்தானே. நீங்கள் வடிவாக் கையெடுத்துக் கும்பிட்டு ‘இறால்’ எண்டு கேளுங்கோ. நல்ல கீரையும் காளானும் வரும்.”

பக்கத்தில் நின்ற மணப்பெண்ணுக்கு அந்த விருந்துக்குப் பிறகு சைவம், இறால் இரண்டு சொல்லும் நன்றாகத் தெரியும். மாம்பழச் சாறு புரைக்கேறியது. “நோ, மாமி…” என்று தொடங்கினாள்.

“நீ பேசாமல் இரு பிள்ளை,” என்றார் இராஜேஸ்வரி வாஞ்சையாக, அவள் முதுகைத் தடவியபடி. “நீ அங்கை பிறந்தனி. உனக்குத் தெரியாது.”

வாசுதேவன் போனில் கவனமாகக் குறித்துக்கொண்டார். விக்னராஜாவுக்கு மூச்சு வந்தது. அரியணை போய்விட்டது, ஆனால் அமைச்சர் பதவி இருக்கிறது. மெல்லக் கதிரையை முன்னால் நகர்த்தி, “ஓம், அதைத்தான் நானும் சொன்னனான்,” என்றார். “பஸ்ஸும் இலவசம்.”

நீங்கள் இவ்வளவு நேரமும் இவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். சிரியுங்கள், குற்றமில்லை. புசானுக்கு நீங்கள் போனதில்லை. அங்கே ஒரு பஸ்ஸுக்குக்கூடக் காத்திருந்ததில்லை. ஆனால் அடுத்த பிறந்தநாள் விருந்தில், மண்டபத்தின் மறுகோடியில் யாரோ ஒருவர் வடைத் தட்டும் கையுமாகக் “கொரியா” என்று சொல்லுவார். அப்போது உங்கள் கால் தானாக அந்தப் பக்கம் நடக்கும். “அங்கை சைவம் எண்டு மட்டும் கேட்டிடாதேங்கோ” என்று தொடங்குவீர்கள். அவர் கேட்பார், நீங்கள் எப்போது போனீர்கள் என்று. என்ன சொல்லப் போகிறீர்கள் என்று இப்போதே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.