கடத்தூருக்கு வந்த கம்ப்யூட்டரும் காணாமற்போன டிரைவரும்

கடத்தூர்,
19-4-1988, செவ்வாய்.

அன்புள்ள தம்பி சவரிராயனுக்கு, அக்காள் ரோசம்மாள் எழுதிக்கொண்டது. ஆண்டவர் தயவில் இங்கு நானும் என் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டின் ஏழு மிஷின்களும் சௌக்கியம். பெங்களூரில் நீயும் உன் வயிறும் சௌக்கியமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். சாம்பாரில் வெல்லம் போடும் அந்த ஓட்டலை உடனே மாற்றவும்.

இனி விஷயம். தம்பி, வந்துவிட்டதடா! நீ அனுப்பிய கம்ப்யூட்டரில் தமிழ் வந்துவிட்டது! பச்சைப் பசேலென்று ஒரு 'அ', கொழுக்கட்டை மாதிரி, திரையின் நடுவில் உட்கார்ந்து என்னைப் பார்த்தது.

ஆதியிலிருந்து சொல்கிறேன். "மே மாதம் நான் வரும் வரை பெட்டியைத் தொடாதே" என்று நீ எழுதியதை மதித்து, வெள்ளிக்கிழமை லாரியில் வந்து இறங்கியதிலிருந்து மதியம் சாப்பிடும் வரை நான் தொடவே இல்லை. ஆனால் கம்ப்யூட்டரில் தமிழ் கற்றுத்தரப்படும் என்று வாசலில் போர்டு மாட்டி, அதை நம்பி இருபத்தேழு பிள்ளைகள் சேர்ந்து, வரும் ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் மிஷினை மந்திரிக்க வருவதாகவும் ஒப்புக்கொண்டுவிட்ட பிறகு மே மாதம் வரை எப்படியடா பொறுப்பது? எதிர்க்கடை மாரப்பன் வேறு, தன் இன்ஸ்டிடியூட் வாசலில் நின்றுகொண்டு, "அதுல இங்கிலீசு மட்டுந்தானுங்க வரும், டீச்சரம்மா சும்மா சொல்றாங்க" என்று போகிற வருகிற பெற்றோரிடமெல்லாம் சொல்கிறான். ஆகவே சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு சுவிட்சைப் போட்டேன்.

திரை கறுப்பு. பெட்டிக்குள்ளிருந்து சத்தம் மட்டும் வந்தது. பீ...ப், பிப், பிப். ஒரு நெடில், இரண்டு குறில். அணைத்துப் போட்டேன், அதே நெடில், அதே குறில்கள். பஸ் ஸ்டாண்டில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கும் முனிராஜைக் கூப்பிட்டேன். அவர் திரையைத் தட்டினார், காதை வைத்துக் கேட்டார், "பிச்சர் ட்யூப் போயிட்டுதுங்க டீச்சர்" என்று துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்புறம்தான் உனக்கு டிரங்க் கால் போட்டேன். இரண்டு மணி நேரம் தபாலாபீசில் காத்திருந்து கிடைத்த லைனில், கொரகொரவென்ற இரைச்சலுக்கு நடுவே, "அக்கா, கார்டைப் பாருக்கா! கார்டு!" என்று நீ கத்தினாய், லைன் அறுந்தது. நான் வூட்டுக்கு வந்து, நீ இந்த வருஷம் எழுதிய போஸ்ட் கார்டுகளையெல்லாம் எடுத்து வரி வரியாகப் படித்தேன். எல்லாவற்றிலும் சாம்பாரைப் பற்றித்தான் இருக்கிறது. ரேஷன் கார்டையும் பார்த்தேன். உன் பெயர் இன்னும் அதில்தான் இருக்கிறது, நீக்க வேண்டும்.

சனிக்கிழமை காலை, மிஷினோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்த முனிராஜ், "டீச்சர், படம் காட்டற அட்டைக்கே கார்டுன்னுதானுங்க பேரு போட்டிருக்கு!" என்று துள்ளினார். பெட்டியைத் திறந்தோம். லாரி குலுக்கிய குலுக்கலில் அந்த அட்டை அதன் பள்ளத்திலிருந்து பாதி வெளியே வந்து, ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தது. முனிராஜ் இரண்டு கட்டை விரலால் அழுத்த, நான் அருள் நிறைந்த மரியே சொல்ல, சுவிட்சைப் போட்டதும் எழுத்து ஓட ஆரம்பித்தது! நாங்கள் இரண்டு பேரும் சின்னப்பிள்ளைகள் மாதிரி கை தட்டினோம்.

ஆனால் தமிழ் வரவில்லை. ஏதோ ஒன்று கெட்டுப்போயிற்று அல்லது காணோம் என்று இங்கிலீஷில் ஒரு வரி வந்து நின்றது. புத்தகத்தில் பார்த்தால், அப்படி வந்தால் டிரைவர் இல்லை என்று அர்த்தமாம். "லாரி டிரைவருங்களா? அவரு நேத்தே பாலக்கோடு போயிட்டாரே!" என்றார் முனிராஜ். அந்த அட்டையை ஓட்டும் புரோகிராமுக்குத்தான் அந்தப் பேர் என்று எங்களுக்குப் புரிய ஞாயிறும் திங்களும் ஆயிற்று. மிஷினுக்குள் இருக்கும் புரோகிராம்களின் பட்டியலைப் போட்டுப் பார்த்தால் டிரைவர் உள்ளேதான் இருக்கிறார், குத்துக்கல்லாட்டம்! பிறகு ஏன் காணோம் என்கிறது? அவரை அழைக்கும் வரியைப் பார்த்தேன். முப்பத்தொரு வருஷமாகப் பிறர் பிழையைத் திருத்தும் கண்ணடா இது. வி, ஐ, டி, ஈ, ஓ என்று இருக்க வேண்டியதை வி, ஈ, டி, ஐ, ஓ என்று அடித்து, ஒருதரம்கூடப் போட்டுப் பார்க்காமல் லாரியில் ஏற்றியிருக்கிறாய். டைப்ரைட்டிங் லோயர் பரீட்சையில் நீ ஏன் இரண்டு முறை தோற்றாய் என்று இன்றாவது புரிகிறதா?

அந்த வரியை அழித்துவிட்டுப் புதிதாக அடிக்கப் போனால் "ஆக்சஸ் டினைட்" என்கிறது. என் வூட்டில், என் மேசையில், எனக்கு அனுமதி இல்லையாம்! நான் கை வைக்கக்கூடாது என்று நீதான் பூட்டு போட்டிருக்கிறாய். கூடப்பிறந்தவளிடம் இவ்வளவு அவநம்பிக்கையா? அந்தப் பூட்டை எடுக்கும் வழியும் புத்தகத்தில் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்தது. எடுத்தேன், அழித்தேன், திருத்தி அடித்தேன். இன்று காலை பத்தேகாலுக்கு 'அ' வந்தது. பிறகு 'கடத்தூர்' என்று அடித்தேன். பிள்ளைகள் பெஞ்சின் மேல் ஏறி நின்று கூச்சல் போட, மாரப்பனே ஓடிவந்து எட்டிப் பார்த்து, "எம் பேரையும் போடுங்களேன் டீச்சரம்மா" என்றான். போட்டேன். ரொம்ப நேரம் நின்று பார்த்துவிட்டு, மகளை அடுத்த வாரம் நம்மிடம் சேர்ப்பதாகச் சொல்லிப் போனான்.

ஆகவே தம்பி, நீ லீவு போட்டு அலைய வேண்டாம். மேயிலும் வர வேண்டாம். கம்ப்யூட்டர் சம்பந்தமாக உனக்கு ஏதாவது சந்தேகம் இருந்தால் எனக்கு எழுதிக் கேள். வேளாங்கண்ணி மாதா உன்னைத் தன் முக்காட்டுக்குள் வைத்துக் காக்கட்டும். முனிராஜ் உன்னை விசாரித்தார்.

இப்படிக்கு,
உன் அன்பு அக்காள்,
ரோசம்மாள்

பின்குறிப்பு: உன் தமிழ் புரோகிராமுக்குப் பத்திரமாக ஒரு நகல் எடுத்து வைக்கலாமென்று காலி பிளாப்பியைச் சொருகி, அதைத் தயார் செய்யும் கட்டளையை இப்போதுதான் அடித்தேன். கடைசியில் பிளாப்பிக்குரிய ஏ என்று அடிப்பதற்குப் பதில், கம்ப்யூட்டரின் சொந்த வயிற்றுக்குரிய சி அடித்திருக்கிறேன். எல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று இங்கிலீஷில் கேட்டது. இவ்வளவு மரியாதையாகக் கேட்கிறதே என்று ஒய் அழுத்திவிட்டேன். கடிதம் கண்டதும் புரோகிராமை எடுத்துக்கொண்டு ரயிலேறு, பொம்மிடி ஸ்டேஷனில் நானே நிற்பேன். ஞாயிற்றுக்கிழமை சாமியார் மந்திரிக்க, உள்ளே ஏதாவது இருக்க வேண்டாமா?